வளர்ப்புப் பல்லிக்குத் தோட்டத்துப் பூச்சி: பிடிப்பது, வளர்ப்பது, மருந்துக்குத் தப்புவது

தோட்டத்தில் பிடித்த பூச்சியைப் பல்லிக்குக் கொடுக்கலாமா என்று யோசிக்கும்போது முதலில் வரும் பயம் களைக்கொல்லி. புல்லுக்கு மருந்து அடித்திருக்கிறது, அந்தப் புல்லைத் தின்ற வெட்டுக்கிளி பல்லியின் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும்? நியாயமான பயம்தான். ஆனாலும் இரைப்பூச்சி வழியாகப் பல்லியை அதிகம் தாக்கக்கூடியவை பூச்சிக்கொல்லிகளே. களைக்கொல்லி அடிக்கும் தோட்டத்தில் பெரும்பாலும் அவையும் புழங்குகின்றன. ஆகவே வெளியே பிடித்த பூச்சியை நேராகப் பல்லிக்குப் போடாமல், அதைப் பெட்டியில் முட்டையிட வைத்து, பொரிக்கும் குஞ்சுகளைக் கொடுங்கள். கீழே வருவதெல்லாம் இதற்கான காரணமும் வழிமுறையும்.

எந்த மருந்து என்ன செய்கிறது

கிளைபோசேட் என்ற களைக்கொல்லி, தாவரங்கள் சில அமினோ அமிலங்களைத் தயாரிக்கப் பயன்படுத்தும் ஒரு நொதியை முடக்குகிறது. அந்த நொதி விலங்குகளுக்குக் கிடையாது. அதனால் மூலப்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டால் பல்லிக்கு அது கொடிய நஞ்சல்ல. சிக்கல் புட்டிக்குள் அதோடு கலந்திருக்கும் மற்றவற்றில் இருக்கிறது. மருந்து இலையில் ஒட்டிப் பரவ ஒட்டுத்திரவம் சேர்க்கிறார்கள். அவற்றில் பாலிஎத்தாக்சிலேட்டட் டாலோ அமைன் வகை, கிளைபோசேட்டைவிடக் கடுமையாகத் தலைப்பிரட்டைகளையும் தவளைகளையும் தாக்கும். மண்ணில் கிளைபோசேட் பாதியாகக் குறைய, மண்ணின் தன்மையைப் பொறுத்து, சில நாட்களும் ஆகலாம், பல மாதங்களும் ஆகலாம்.

2,4-டி, டைகாம்பா போன்றவை அகன்ற இலைக் களைகளை மட்டும் கொல்லும், புல்லை விட்டுவிடும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கிளைபோசேட் அடித்த இடம் காய்ந்து பழுப்பாகிவிடும், பூச்சிகளும் அங்கிருந்து நகர்ந்துவிடும். 2,4-டி அடித்த புல்வெளியோ பச்சையாகவே நிற்கும். வெட்டுக்கிளிகள் மருந்து படிந்த அதே புல்லைத் தொடர்ந்து மேயும். பச்சையாக இருக்கிறதே என்று அங்கே வலை வீசக் கூடாது.

களைக்கொல்லிகளில் பாராகுவாட் தனி ரகம். ஒரு வாய் விழுங்கினாலே மனிதர் இறக்கக்கூடிய நஞ்சு. மாற்று மருந்து கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் 2007 முதல் இதைத் தடை செய்திருக்கிறது. களிமண்ணோடு இறுகப் பிணைந்து ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பாராகுவாட் புழங்கும் நிலத்திலிருந்து பூச்சியோ இலையோ எதுவும் வேண்டாம்.

இனி பூச்சிக்கொல்லிகள். லேபிளில் பெயர் 'த்ரின்' என்று முடிந்தால் அது பைரித்ராய்டு: சைபர்மெத்ரின், பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின், பைஃபென்த்ரின். உடல் வெப்பம் குறையக் குறைய இவற்றின் வீரியம் கூடும். பல்லி சுற்றுச்சூழலின் வெப்பத்தை நம்பி வாழும் உயிர் என்பதால், நாய்க்கும் நமக்கும் தாங்கக்கூடிய அளவு அதற்குத் தாங்காமல் போகலாம். இமிடாகுளோபிரிட் வேரில் ஊற்றினால் செடி முழுக்க ஏறி, இலையிலும் சாற்றிலும் மாதக்கணக்கில் தங்கும். மேலே கழுவினாலும் போகாது. கரையானுக்கும் கரப்பானுக்கும் பயன்படும் பிப்ரோனில் பல்லிகளுக்கு மிகக் கெடுதல். அது பட்ட இரையைத் தின்ற பல்லிகள் இறந்ததை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. குளோர்பைரிபாஸ், மாலத்தியான் போன்றவை நரம்புகளைத் தாக்குபவை.

புல்வெளிக்கான சில குருணைகளில் உரம், களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி மூன்றும் ஒன்றாகவே வரும். ஆகவே 'களைக்கொல்லிதான் போட்டோம்' என்று யாராவது சொன்னால், பொதியை வாங்கி மூலப்பொருள் பட்டியலைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். 'காய்ந்த பிறகு செல்லப்பிராணிகளை விடலாம்' என்ற லேபிள் வரி, நாய் அந்தப் புல்லில் நடப்பதைப் பற்றியது. அங்கே மேய்ந்த பூச்சியைப் பல்லி தின்பதை அது கணக்கில் எடுப்பதில்லை.

இடத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது

தெளித்தவர் சொல்லாவிட்டாலும் செடிகள் சொல்லும். இளந்தளிர் முதலில் மஞ்சளாகி, ஒன்றிரண்டு வாரத்தில் செடி முழுக்க வெளுத்தால் கிளைபோசேட்டாக இருக்கலாம். தண்டு முறுக்கிக்கொண்டு இலை கிண்ணம்போல் சுருண்டிருந்தால் 2,4-டி அல்லது டைகாம்பா. நல்ல வெயிலில் ஒரே நாளில் இலைகள் பழுப்புத் திட்டாகத் தீய்ந்தால் பாராகுவாட். வேலியோரமும் நடைபாதை இடுக்கும் மட்டும் நேர்கோடாகக் காய்ந்திருந்தால் யாரோ தெளித்திருக்கிறார்கள்.

பூச்சிக்கொல்லிக்கு இப்படி இலையில் அடையாளம் இருக்காது. இலையில் ஒரு கடி, ஒரு ஓட்டைகூட இல்லாமல் எல்லாச் செடியும் பளபளவென்று இருக்கிறது, சிலந்தி வலை ஒன்றுகூட இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். அங்கங்கே கடிபட்ட இலையும் சிலந்தியும் இருக்கும் தோட்டமே உங்களுக்கு வேண்டியது.

களைக்கொல்லி தெரிந்தே அடித்த இடத்தில் ஒரு முழுப் பருவம் கழியும்வரை பிடிக்காமல் இருப்பதும், பூச்சிக்கொல்லி அடித்த இடத்துக்கு ஒரு வருடம் விடுவதும் நல்லது. இது சட்ட விதியல்ல, எச்சரிக்கையாக வைக்கும் கணக்கு. பாராகுவாட்டுக்கும் கட்டட அடித்தளக் கரையான் மருந்துக்கும் காலக்கணக்கே வேண்டாம். அந்த இடத்தை மறந்துவிடுங்கள். கொசுப்புகை அடித்த பகுதியும் பூச்சிக்கொல்லி அடித்த இடம்தான். சாலையோரம் வேறொரு காரணத்தால் ஆகாது: மண்ணில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் சேர்ந்திருக்கும். மட்கும் இலைக்கடியில் வாழும் மரப்பேன்கள் அவற்றைத் தம் உடலில் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

பூச்சிக்கு வேலி தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் தோட்டம் சுத்தமாக இருந்தாலும், இரவு விளக்குக்கு வரும் அந்துப்பூச்சி எங்கிருந்தோ பறந்து வந்திருக்கும். மழைக்குப் பின் விளக்கடியில் குவியும் ஈசலும் அப்படியே. பக்கத்துக் கட்டடத்தில் கரையான் மருந்து போட்ட புற்றிலிருந்துகூட அது கிளம்பியிருக்கலாம். சிறகு முளைக்காத வெட்டுக்கிளிக் குஞ்சும் சுவர்க்கோழிக் குஞ்சும் அதிக தூரம் போவதில்லை. பிடித்த இடத்திலேயே வளர்ந்தவை என்று ஓரளவு நம்பலாம்.

பிடிக்கும் முறை

மெல்லிய பருத்தித் துணியில் தைத்த கைவலை போதும். வாய் 30 முதல் 40 செ.மீ. இருக்கட்டும். முழங்கால் உயரப் புல்லில், நடந்துகொண்டே இடமும் வலமும் எட்டுப் போடுவதுபோல் வீசுங்கள். பத்துப் பதினைந்து வீச்சுக்கு ஒருமுறை துணியை மடித்து வாயை அடைத்து, ஒளி ஊடுருவும் டப்பாவில் கொட்டுங்கள். பனி காய்ந்து, வெயில் ஏறுவதற்கு முந்தைய நேரம் சரியானது. அப்போது வெட்டுக்கிளிகள் விறைப்பாக இருக்கும். புல் நனைந்திருந்தால் வலை ஒட்டிப் பூச்சிகள் நசுங்கும்.

சுவர்க்கோழிக்கு, நிழலான இடத்தில் தரையோடு ஈரச்சாக்கு அல்லது பலகை போட்டு, கீழே ஒரு கைப்பிடி தவிடு தூவி இரவு முழுக்க விடுங்கள். விடியலில் தூக்கினால் கீழே பதுங்கியிருக்கும். வழுவழுப்பான கோப்பையை விளிம்பு தரைமட்டமாக இருக்கும்படி புதைத்தும் பிடிக்கலாம். அதற்குள் தண்ணீர் ஊற்ற வேண்டாம், காலையில் எடுக்கவும் மறக்க வேண்டாம். வேறு உயிர்களும் விழும்.

கையில் சிக்கும் வேகத்தையும் கவனியுங்கள். நல்ல வெயிலிலும் தள்ளாடுகிற, கவிழ்ந்து கால் உதைக்கிற, விரட்டினாலும் குதிக்காத பூச்சி சுலபமாகக் கிடைத்ததே என்று எடுக்கக் கூடாது. மருந்து பட்ட பூச்சியின் அடையாளம் அது.

கொடுக்கவே கூடாதவை

மின்மினி முதலில் வருகிறது. அதன் உடலில் உள்ள லூசிபுஃபாஜின் என்ற நஞ்சு இதயத்தைத் தாக்கும். மின்மினி தின்ற பியர்டட் டிராகன் என்ற வளர்ப்புப் பல்லிகள் இறந்தது மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது. விளக்கடியில் பிடித்த கலவையை அப்படியே கொட்டுவது இதனாலும் ஆபத்து. எருக்கு மேயும் வண்ண வெட்டுக்கிளியும் எருக்கில் வளரும் வண்ணத்துப்பூச்சிப் புழுவும் அந்தச் செடியின் இதய நஞ்சைத் தம் உடலில் சேர்த்து வைப்பவை. தொட்டால் தோல் கொப்புளிக்கும் வண்டுகள், பொறிவண்டு, நாற்றமடிக்கும் பூச்சிகள், கம்பளிப்பூச்சி, குளவி, தேனீ, கடிக்கும் எறும்பு, பூரான், மரவட்டை எல்லாம் தவிர்க்க வேண்டியவை. சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சுப் பட்டை போட்ட எதையும் பெயர் உறுதியாகத் தெரியாமல் எடுக்காதீர்கள்.

வீட்டுக் கரப்பானும் எப்போதும் வேண்டாம். பசை மருந்தைத் தின்றுவிட்டு உடனே சாகாமல் நடமாடும். எலி மருந்து வைத்த இடத்துப் பூச்சிகளும் அப்படியே. இரத்தம் உறைவதைத் தடுக்கும் அந்த மருந்து பூச்சியைக் கொல்லாது. அதைச் சுமந்துகொண்டு நன்றாகவே திரியும்.

மூன்று நாள் காவலும் அதன் எல்லையும்

பிடித்ததைக் காற்றோட்டமுள்ள பெட்டியில், நன்றாகக் கழுவிய கேரட், கீரை போட்டு 3 நாள் வைத்திருங்கள். குடலில் இருந்த பழைய இலை வெளியேறிவிடும். பூச்சிக்கொல்லி பட்டவை பெரும்பாலும் இதற்குள் செத்துவிடும். பத்தில் இரண்டு மூன்று செத்தாலே அந்தக் கூட்டம் முழுவதையும் ஒதுக்குங்கள். பூச்சிக்கொல்லியைக் காட்டிக்கொடுக்கப் பூச்சியே போதும். ஆனால் களைக்கொல்லியும் எலி மருந்தும் இந்தச் சோதனையில் தெரியாது, பூச்சியின் திசுவில் ஏறியதும் மூன்று நாளில் இறங்காது. ஒட்டுண்ணிகளும் அதற்குள்ளேயேதான் இருக்கும். வெட்டுக்கிளி, சுவர்க்கோழி, கரப்பான் வழியாகப் பல்லியின் இரைப்பைக்குப் போகும் உருளைப்புழுக்கள் உண்டு. இவை எல்லாவற்றையும் ஒரே அடியில் தாண்டும் வழி அடுத்த தலைமுறையை வளர்ப்பதுதான்.

சுவர்க்கோழி வளர்ப்பு

சுமார் 10 பெண், 5 ஆண் இருந்தால் தொடங்கலாம். பெண்ணின் பின்புறம் இரண்டு வால்களுக்கு நடுவே ஊசிபோல் நீண்ட முட்டையிடும் குழாய் இருக்கும். ஆணுக்கு அது இல்லை, கத்துவதும் அதுதான்.

50 முதல் 60 லிட்டர் வழுவழுப்பான பிளாஸ்டிக் பெட்டி எடுங்கள். மூடியில் அகலமாக வெட்டி உலோகக் கம்பி வலை ஒட்டுங்கள்; நைலான் வலையைக் கடித்துத் துளைத்துவிடும். முட்டை அட்டைகளை நிமிர்த்தி நிறுத்தினால் எச்சம் கீழே விழும். படுக்க வைத்தால் அட்டையிலேயே தேங்கி நாறும். வெப்பம் 28 முதல் 32 டிகிரி செல்சியஸ். உணவு தவிடு, ஓட்ஸ், நுணுக்கிய மீன் தீவனம் கொஞ்சம். புரதம் குறைந்தால் ஒன்றையொன்று தின்னும். தண்ணீரைத் திறந்த கிண்ணத்தில் வைத்தால் மூழ்கிச் சாகும். ஈரப்பஞ்சு போதும், இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

முட்டையிட, 4 அல்லது 5 செ.மீ. ஆழமுள்ள டப்பாவில் ஈரமான தென்னைநார்த் துகளை நிரப்புங்கள். பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் அளவு ஈரம் சரி. மேலே கம்பி வலை வையுங்கள். குழாய் வலைக்குள் நுழையும், வாய் நுழையாது. இல்லாவிட்டால் முட்டைகளைத் தோண்டித் தின்றுவிடும். 3 அல்லது 4 நாள் கழித்து அந்த டப்பாவை எடுத்து, மேற்பரப்பின் எச்சத்தைத் துடைத்து நீக்கிவிட்டு, புதிய சுத்தமான பெட்டிக்குள் வையுங்கள். பழைய பெட்டியின் அட்டை, தவிடு எதுவும் இங்கே வரக் கூடாது. மருந்தும் ஒட்டுண்ணியும் பெற்றோரோடு அங்கேயே நிற்க வேண்டும் என்பதுதான் இந்தப் பிரிவின் நோக்கம்.

30 டிகிரியில் வீட்டுச் சுவர்க்கோழி 10 முதல் 14 நாளில் பொரிக்கும். 6 முதல் 8 வாரத்தில் முதிரும். காட்டினங்களில் சில, குளிர்காலம் கடந்தால்தான் பொரிக்கும். ஒரு மாதம் ஆகியும் ஒன்றும் வராவிட்டால் இனத்தை மாற்றிப் பாருங்கள். குஞ்சுகள் கூட்டமாகச் சாவது பெரும்பாலும் வறட்சியால் அல்லது ஈரப்பஞ்சின் நீர்த்துளியில் ஒட்டிக்கொள்வதால். பெரியவை சாவது தேங்கிய ஈரத்தாலும் அமோனியா நெடியாலும். பெட்டியைத் திறந்ததும் மூக்கைக் குத்தினால் அன்றே சுத்தம் செய்யுங்கள். வீட்டுச் சுவர்க்கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் டென்சோவைரஸ் ஒன்றும் உண்டு. அது வந்த பெட்டியைத் தேய்த்துக் கழுவினாலும் திரும்பத் திரும்ப வரும். பட்டைச் சுவர்க்கோழி அதை நன்றாகத் தாங்குகிறது.

மீல்வார்ம் (மாவுப்புழு) இன்னும் சுலபம்: 5 முதல் 8 செ.மீ. தவிடு, மேலே ஒரு கேரட் துண்டு, 25 முதல் 27 டிகிரி. பூஞ்சை வருமுன் கேரட்டை மாற்றினால் போதும். தூசுபோல் ஊர்ந்து திரியும் மைட் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள்.

எல்லாம் சரியாகச் செய்தும் வளர்ப்பு ஓரிரு நாளில் அழிந்தால், காரணம் பெரும்பாலும் தீவனம். சேமிப்புத் தானியத்தில் கலக்கும் பூச்சிக்கொல்லி மேலுறையில்தான் படியும், தவிடு என்பது அந்த மேலுறைதான். புதிய தவிட்டில் 20 மீல்வார்மை 5 நாள் விட்டுப் பார்த்த பிறகே முழுப் பெட்டிக்கும் போடுங்கள். தொடும் கைக்கும் கவனம் தேவை: நாய்க்கு உண்ணி மருந்து தடவிய கையைச் சோப்பால் கழுவாமல் பெட்டியைத் தொடாதீர்கள். கொசுவர்த்தி, திரவ ஆவி இயந்திரம் எரியும் அறையில் பூச்சிப் பெட்டியும் வேண்டாம், பல்லியும் வேண்டாம்.

கொடுக்கும்போது

இரையின் அகலம் பல்லியின் இரு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டக் கூடாது. வெட்டுக்கிளியின் பின்னங்கால் முள் குத்தும். முழங்காலுக்குக் கீழே கிள்ளிவிடுங்கள். கொடுப்பதற்கு முந்தைய 24 முதல் 48 மணி நேரம் பூச்சிக்குக் கீரையும் கால்சியம் மிகுந்த தீவனமும் கொடுங்கள்.

சுவர்க்கோழியில் கால்சியத்தைப்போல் ஏறத்தாழ 7 மடங்கு பாஸ்பரஸ். மீல்வார்மில் 15 மடங்குக்கும் மேல். பல்லிக்கு வேண்டியதோ ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு கால்சியம். ஈடுகட்டாவிட்டால் எலும்பு மென்மையாகித் தாடை வளையும், கால் நடுங்கும். ஒரு பையில் ஒரு சிட்டிகை கால்சியம் கார்பனேட் தூள், அதில் பூச்சி, ஒரு குலுக்கல். வெண்மை தெரிந்ததும் கொடுங்கள். வளரும் குட்டிக்கு ஏறத்தாழ ஒவ்வொரு வேளையும், முதிர்ந்ததற்கு வாரம் இரண்டு மூன்று முறை. இதற்கு விலக்கு கறுப்புச் சிப்பாய் ஈயின் (பிளாக் சோல்ஜர் ஃப்ளை) புழு. அதில் கால்சியம் இயல்பாகவே மிகுதி. தின்னாமல் விட்ட சுவர்க்கோழியை இரவில் கூண்டுக்குள் விடாதீர்கள், தூங்கும் பல்லியைக் கடிக்கும்.

இலை தின்னும் பல்லிகள்

களைக்கொல்லியை உண்மையிலேயே அதிகம் அஞ்ச வேண்டியது இங்கேதான். இகுவானாவுக்கும் பியர்டட் டிராகனுக்கும் தோட்டத்துக் களைகளைப் பறித்துப் போடுபவர்கள், மருந்து நேராகப் படிந்த இலையையே கொடுத்துவிடக்கூடும். இடையில் பூச்சி என்ற வடிகட்டிகூட இல்லை. கழுவினால் மேற்பரப்பில் உள்ளது குறையும், செடிக்குள் ஏறியது குறையாது. இலையைத் தனித் தொட்டியில் விதை போட்டு வளர்ப்பதே வழி. வாங்கிய செடியாக இருந்தால் நாற்றங்காலில் இமிடாகுளோபிரிட் ஊற்றியிருக்கக்கூடும். மண்ணை முழுக்க மாற்றி, பழைய இலைகளை வெட்டி எறிந்து, அதன் விதையிலிருந்து வரும் அடுத்த செடியைக் கொடுங்கள்.

தோட்டத்தில் மருந்தைக் கைவிட நினைத்தால், மழைக்கோ நீர் பாய்ச்சலுக்கோ மறுநாள் மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். செடிகளுக்கு நடுவே 7 முதல் 10 செ.மீ. தடிமனுக்கு இலைச்சருகு மூடாக்கு போடுங்கள். நடைபாதை இடுக்குக்குக் கொதிநீர் போதும். உப்பு போடாதீர்கள், மண் கெட்டுவிடும். ஒரு மூலையில் 2 மீட்டர் சதுரம் புல்லை வெட்டாமல் விட்டால் வெட்டுக்கிளி தானே வந்து குடியேறும்.

நஞ்சு ஏறிவிட்டதாகத் தோன்றினால்

உடல் நடுக்கம், வாயைத் திறந்தபடி திணறுவது, எச்சில் வழிவது, தலை ஒருபக்கம் சாய்வது, மல்லாத்தினால் திரும்பிக்கொள்ள முடியாமல் கிடப்பது இவற்றில் ஏதாவது தெரிந்தால் காத்திருக்காதீர்கள். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே போங்கள். வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். பாலோ எண்ணெயோ ஊட்டாதீர்கள்; துவண்ட பல்லிக்கு அது நுரையீரலுக்குள் போகும். தோலில் மருந்து பட்டிருந்தால் வெதுவெதுப்பான நீரில் மெதுவாகக் கழுவுங்கள். பைரித்ராய்டு குளிரில் வலுக்கும் என்பதால், போகும் வழியில் பெட்டி குளிராமல் அந்த இனத்துக்கு வழக்கமான வெப்பத்தில் இருக்கட்டும். மருந்துப் புட்டியின் லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாகக் கொடுத்த கூட்டத்தில் மீதமுள்ள பூச்சிகளையும் மூடிய டப்பாவில் கொண்டுபோங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவர் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க முடியும்.